அப்பா சொல்லிவைத்த சம்பளம்

என் சம்பளத்தை முதன்முதலில் ஊரறியச் சொன்னவர் அப்பாதான். சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் இன்ஜினியரிங் முடித்து, ஒரகடத்தில் கார் கதவுக்குப் பூட்டு செய்யும் ஒரு கம்பெனியில் ட்ரெயினியாகச் சேர்ந்திருந்தேன். முதல் மாதச் சம்பளம் பன்னிரண்டாயிரம் வந்து விழுந்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன். "எவ்வளவு, எவ்வளவு?" என்று இரண்டு தடவை கேட்டார். அன்று மாலையே இரண்டு கிலோ காராச்சேவு வாங்கி ஆபீஸ் முழுக்கக் கொடுத்திருக்கிறார். வீடு திரும்பிய பஸ்ஸில் கண்டக்டர் கையிலும் ஒரு பொட்டலம். "எம்மக மெட்ராஸ்ல இன்ஜினியரு. பன்னெண்டாயிரம் வாங்குதா!" ஒரகடம் மெட்ராஸ் இல்லையப்பா என்று நான் சொன்னால், "ரெண்டும் அங்கிட்டுதான தாயி இருக்கு?" என்பார்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் சம்பளம் ஏறும்போதெல்லாம் காராச்சேவுதான். நான் போனை வைத்த கையோடு தெருவுக்கே தெரிந்துவிடும். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எனக்குக் கூச்சமாக இருக்கும், சில சமயம் எரிச்சலாகக்கூட இருக்கும். லீவுக்குப் போனால் மளிகைக் கடைக்காரர் என் சம்பளத்தைச் சொல்லி நலம் விசாரிப்பார், பாருங்கள்! ஆனாலும் அந்த ஒரு போனுக்காகத்தான் நான் வருஷம் முழுக்க வேலை பார்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்குக் கல்யாணம் பேச ஆரம்பித்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. முதலில் வந்தது சிவகாசி வரன். ஜாதகம் பொருந்தியது, போட்டோ பிடித்தது. சம்பளத்தைக் கேட்டதும் பேச்சு நின்றது. தரகர் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, "பொண்ணு இம்புட்டு வாங்குதுன்னா பையன் வீட்டுல பயப்படுதாக அண்ணாச்சி. கொஞ்சம் கொறச்சே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா குறைத்தார். முதலில் கொஞ்சம், அடுத்த வரனுக்கு இன்னும் கொஞ்சம். கம்பெனி ஏற்ற ஏற்ற அப்பா இறக்கிக்கொண்டே போனார். எனக்கு முப்பத்து நான்கு வயதாகி, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் டெபுடி மேனேஜராகி, கைக்கு எண்பதாயிரத்துக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தபோது, அப்பாவின் வாயில் என் சம்பளம் நாற்பதாயிரம். காராச்சேவு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது.

"பையன் வீட்டுல கூட்டிச் சொல்லுவாக, பொண்ணு வீட்டுல கொறச்சுச் சொல்லணும். எல்லாரும் செய்யுததுதான் தாயி" என்றார்.

"அப்ப நான் இத்தனை வருஷம் உழைச்சது?"

"அது எங்க போகப் போகுது? அது உங்கிட்டதான இருக்கு?"

போனைக் கட்டிலில் வீசிவிட்டுச் சோறு வைக்கப் போனேன்.

எங்கள் பக்கத்தில் சம்பளம் ரகசியமே இல்லை என்பது அப்பாவுக்குத் தெரியாது. ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து ஒரகடம் தாண்டி வாலாஜாபாத் போகிற ரோட்டில் வேலை பார்க்கிற எவரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எந்தக் கம்பெனி, டிப்ளமோவா டிகிரியா, எத்தனை வருஷம், நடுவில் கம்பெனி மாறினாரா இல்லையா, இவ்வளவு சொன்னால் போதும். மாதம் கைக்கு என்ன வரும் என்று தக்காளி விலை மாதிரிச் சொல்லிவிடுவார்கள். கழுத்தில் தொங்குகிற அட்டையின் நாடா நிறத்திலேயே பர்மனென்டா கான்ட்ராக்டா என்று தெரிந்துவிடும். கம்பெனியின் ஏசி பஸ்ஸிலிருந்து இறங்குகிறாரா, வாடகை வேனிலிருந்து இறங்குகிறாரா என்பதில் மீதியும் தெரிந்துவிடும். நானும் டீக்கடையில் நின்றுகொண்டு எதிரே போகிறவர்களின் சம்பளத்தை மனதுக்குள் போட்டுப் பார்ப்பேன். பேச ஆளில்லாதவளுக்கு வேறென்ன பொழுதுபோக்கு?

ஊர்க்கணக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். அதே பூட்டு, அதே வரைபடம், அதே மெஷின். கோயம்புத்தூரில் செய்தால் ஒரு சம்பளம். ஒரகடத்தில் அதைவிடக் கொஞ்சம் கூட. புனேயில் இன்னும் கூட. குஜராத்தில் புதிதாகத் திறக்கிற ஆலைக்குப் போகிறேன் என்றால் ஒன்றரை மடங்கு. கோயம்புத்தூரில் ஏன் குறைவு என்று எங்கள் எச்.ஆர். ஆளிடம் ஒருமுறை கேட்டேன். "அங்க பாதிப் பேரு சொந்த வீட்ல இருந்து சாப்பிட்டுட்டு வர்றாங்க மேடம். கம்மியா குடுத்தாலும் இருந்துப்பாங்க" என்றார். ஆக, அம்மா கையால் சாப்பிடுவதற்கும், சாயந்திரம் பேச நாலு பேர் இருப்பதற்கும் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். யாரும் இல்லாத ஊருக்குப் போனால் பிடித்ததைத் திருப்பித் தருகிறார்கள். என் சம்பளத்திலும் அந்தக் காசு கொஞ்சம் இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் நினைத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குடிதண்ணீர் கேன் போடுகிற ஆளிடம் மட்டும் பேசிய நாட்கள் உண்டு.

வருஷக்கணக்குதான் இன்னும் மோசம். ஆரம்பத்தில் வருஷம் கூடக் கூடச் சம்பளம் ஏறும், மரியாதையும் ஏறும். பத்துப் பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் வேறு கம்பெனி நேர்முகத்தில், "உங்க எக்ஸ்பீரியன்ஸுக்கு எங்களால கட்டுப்படியாகாது மேடம்" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவார்கள். தரகரும் கிட்டத்தட்ட அதையேதான் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என் வயதைச் சொன்னார், இவர்கள் என் அனுபவத்தைச் சொன்னார்கள்.

நான் குடியிருப்பது மாத்தூரில் ஒரு மாடி வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. கீழே வீட்டுக்கார அக்கா. அவர்கள் நெல் போட்ட நிலத்தில் இப்போது கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. நிலத்துக்கு வந்த பணத்தில் வரிசையாக அறைகள் கட்டி எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கு விட்டிருக்கிறார். ஏப்ரல் வந்தால் போதும், அக்கா சாயந்திரமானால் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொள்வார். அது கம்பெனிகள் சம்பளம் ஏற்றுகிற மாதம் என்று அவருக்குத் தெரியும். படியேறுகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "இன்னாப்பா, சம்பளம் ஏத்துனானா?" என்பார். ஏற்றினார்கள் என்று சொன்னால் வாடகையும் ஏறும். அதனால் அந்த வீட்டில் குடியிருக்கிற ஒருவருக்கும் எந்த வருஷத்திலும் சம்பளம் ஏறியதே கிடையாது. ஒருவனுக்குக் கம்பெனி நஷ்டத்தில் ஓடும், இன்னொருவனுக்கு ஆர்டரே இருக்காது. நானும் அதே பாட்டைத்தான் பாடுவேன்.

"அய்ய, உங்க கம்பெனிங்கல்லாம் ரொம்ப பாவமா கீதே! வோணும்னா நீங்க எல்லாம் சேந்து அவனுக்கு மாசாமாசம் துட்டு குடுங்களேன்" என்று அக்கா எங்களைக் கிண்டலடிப்பார். நம்பவும் மாட்டார், விடவும் மாட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் அப்பா அந்த வரனோடு போன் செய்தார். குரலிலேயே ஒரு துள்ளல். "பையன் ராஜபாளையம் தாயி. வேலை எங்க தெரியுமா? உங்க ஒரகடத்துலயேதான்! கைக்கு எண்பத்தஞ்சு வருதாம். பெரியவுக எதுக்கு அலையணும், நீங்க ரெண்டு பேரும் அங்கனதான இருக்கீக, ஒருக்கா பாத்துக்கிடுங்க. பையனோட அக்கா தாம்பரத்துல இருக்காக. அவுக கூட வருவாக." போனை வைக்கும் முன் குரலைத் தாழ்த்தி, "நாப்பதுதான் சொல்லிருக்கேன். ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

இங்கேதான் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கோட்டை விட்டார்கள். ராஜபாளையத்திலும் சாத்தூரிலும் இந்தக் கதை செல்லும். ஒரே ரோட்டில் வேலை பார்க்கிற இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்தால் செல்லுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் சந்தித்தோம். சாமி கும்பிட்டு வெளியே வந்து அவர் ஷூ மாட்டியபோது பார்த்தேன். கம்பெனியில் கொடுக்கிற சேஃப்டி ஷூ. அதற்குப் பாலிஷ் வேறு போட்டிருந்தார். பெண் பார்க்க சேஃப்டி ஷூவில் வந்த மனுஷனை அன்றுதான் பார்க்கிறேன். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "வேற ஷூ இல்லீங்க. செருப்புல வந்தா அக்கா திட்டுவாங்க" என்றார். அந்த நிமிஷமே ஆளைப் பிடித்துவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? பிடித்துத்தான் போனது.

பக்கத்து ஓட்டலில் டிபன் சாப்பிடப் போனோம். அவருடைய அக்கா, "நீங்க பேசுங்க" என்று சொல்லிவிட்டு வேறு மேஜையில் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் வேறு என்ன பேசுவோம், வேலையைத்தான் பேசினோம். அவர் மெயின்டனன்ஸ். டிப்ளமோ முடித்துச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே பி.இ. படித்திருக்கிறார். பதினான்கு வருஷமாக ஒரே கம்பெனி. அவர் சொல்லச் சொல்ல என் மனசு என்னைக் கேட்காமலே கணக்குப் போட்டது. டிப்ளமோவில் உள்ளே போனவர். கம்பெனி மாறவே இல்லை. அதுவும் அந்தக் கம்பெனி. ஐம்பத்தைந்து, மிஞ்சிப்போனால் அறுபது. எண்பத்தைந்துக்கு வாய்ப்பே இல்லை.

பிறகு அவர் கேட்டார். எந்தக் கம்பெனி, எந்தப் பிரிவு, இப்போது என்ன கிரேடு. சொன்னேன். இட்லியைப் பிட்ட கை அப்படியே நின்றது. கண்ணை மேலே தூக்கி ஓட்டல் மின்விசிறியைப் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. ஐயையோ, இவரும் கணக்குப் போடுகிறார்!

"நாப்பதா?" என்றார், மெதுவாக.

நான் விடுவேனா? "எண்பத்தஞ்சா?" என்றேன்.

இரண்டு பேரும் எனக்குப் புரையேறும் வரை சிரித்தோம். அவருடைய அக்கா திரும்பிப் பார்த்துவிட்டு, நல்ல சகுனம் என்று நினைத்திருக்க வேண்டும், திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்.

"எனக்கு அம்பத்தாறு வருதுங்க" என்றார், கண்ணைத் துடைத்தபடி.

"எனக்கு எண்பத்திரண்டு."

"நல்லா இருக்கே!"

அவ்வளவுதான் சொன்னார். பயம் இல்லை, பொறாமை இல்லை. நன்றாக ஓடுகிற ஒரு மெஷினைப் பார்த்துச் சொல்வது மாதிரி, மனசாரச் சொன்னார். அப்பா காராச்சேவு வாங்கியதை நிறுத்திய பிறகு என் சம்பளத்தைக் கேட்டு ஒரு மனிதர் முகம் மலர்ந்தது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய்ப்பொடி காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த சில வாரங்கள் நான் சந்தோஷமாக இருந்தேன். காலையில் ஒரகடம் கூட் ரோடு சிக்னலில் அவருடைய கம்பெனி பஸ்ஸும் என்னுடைய பஸ்ஸும் சில நாள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டுவார். சாயந்திரம் போன் வரும். அவர்கள் கேன்டீனில் என்ன சாம்பார், எங்கள் கேன்டீனில் என்ன சாம்பார் என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். இரண்டிலும் பூசணிக்காய்தான். இவ்வளவு சின்ன விஷயத்தைப் பேச ஒரு ஆள் இல்லாமலா இத்தனை வருஷம் இருந்தோம் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போக அவசரப்பட்டேன். வீட்டுக்கார அக்காகூடக் கவனித்துவிட்டு, "இன்னா பாப்பா, மூஞ்சே மாறிக்கீது?" என்றார்.

ஆனால் அந்த எண்பத்தைந்து அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. "உங்கப்பா அத நம்பிக்கிட்டு இருக்காருங்க. அவர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" என்பார்.

"எங்கப்பா சொல்லாத பொய்யா? அவர் மூஞ்சியில தாராளமா முழிக்கலாம்" என்பேன். சிரிப்பார். வாரம் போகப் போக அந்தச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

ஒரு ஞாயிறு செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னார். குஜராத்தில் ஒரு புது ஆலை. மெயின்டனன்ஸுக்கு அனுபவமுள்ள ஆள் தேடுகிறார்கள். போனிலேயே நேர்முகம் முடிந்துவிட்டது.

"எவ்வளவு தர்றாங்க தெரியுமா? எண்பத்தஞ்சு! எங்கம்மா சொன்ன அதே நம்பருங்க. ஒரு வருஷம் போயிட்டு வந்துட்டா அது பொய்யே இல்ல."

"எனக்கு அம்பத்தாறே போதும்" என்றேன்.

நின்றார். "உங்களுக்குப் போதும். எனக்குப் போதலையேங்க."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. "அன்னைக்கு என் சம்பளத்தக் கேட்டு நல்லா இருக்குன்னு சொன்னீங்களே, அது என்ன?"

"இப்பவும் அதைத்தான் சொல்றேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா ரூமுக்குப் போய்த் தனியா உக்காந்தா..." என்று ஆரம்பித்தவர் ஏரித் தண்ணீரைப் பார்த்தார். கெட்ட மனுஷராக இருந்தால் அங்கேயே சண்டை போட்டு முடித்துக்கொண்டு வந்திருப்பேன். நல்லவராக இருந்து தொலைத்தார். நான் மறுபடி மறுபடி போக வேண்டாம் என்றேன். போய்விட்டு வா என்று அவருக்கு வேறு யாரும் சொல்லவில்லை, அவருக்கு அவரே சொல்லிக்கொண்டார். அடுத்த மாதமே கிளம்பிவிட்டார்.

முதலில் தினமும் போன் வந்தது. அங்கே பருப்பில்கூடச் சர்க்கரை போடுகிறார்கள் என்று புலம்புவார். பக்கத்து அறையில் பேச்சு புரியவில்லை, டிவி புரியவில்லை என்பார். ஒன்றரை மடங்கு சம்பளம் எதற்குத் தருகிறார்கள் என்று இப்போதாவது தெரிந்ததா என்று கேட்க நினைப்பேன், கேட்க மாட்டேன். புது ஆலை, ஷிஃப்ட், உற்பத்தி லைன் இன்னும் ஓடவில்லை என்று போன் குறைந்தது. பிறகு வாரத்துக்கு ஒன்று. பிறகு காலை வணக்கம் படம் மட்டும் வந்தது. கூட் ரோடு சிக்னலில் அவருடைய பழைய கம்பெனி பஸ் நின்றால் நான் வேண்டுமென்றே மறுபக்கம் பார்த்துக்கொண்டேன்.

கடைசியில் அப்பாதான் சொன்னார். "அவுக வேற பாக்காகளாம் தாயி."

"ஏனாம்?"

"பையனுக்கு இப்ப சம்பளம் நல்லா ஏறிருச்சுல்ல. அதான் இன்னும் கொஞ்சம் வயசு கொறஞ்ச பொண்ணா, நல்லா செய்யுத எடமா..." இழுத்தார்.

"இப்ப எவ்வளவுன்னு சொல்லுதாக?"

"ஒண்ணே கால் லட்சமாம்!" என்றார் அப்பா. அந்தத் துக்கத்திலும் அவர் குரலில் ஒரு மரியாதை இருந்தது.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எண்பத்தைந்து உண்மையானதும், வீட்டில் ஒன்றே காலுக்குப் போய்விட்டார்கள். பாவம், அந்த ஆள் எந்த ஊருக்கு ஓடினாலும் அவர் அம்மா சொல்கிற நம்பரைப் பிடிக்க முடியாது. அன்று மாலை அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. 'வீட்ல முடிவு பண்ணிட்டாங்க, என்னால எதுவும் பேச முடியல, மன்னிச்சிடுங்க.' பதினான்கு வருஷம் மெஷினோடு மல்லுக்கட்டிய மனுஷனுக்கு அம்மாவிடம் ஒரு வார்த்தை பேச வாயில்லை. போய்யா என்று போனைத் தூக்கிப் போட்டேன். மறுநாள் கம்பெனியில் பிரஸ் மெஷின்கள் ஓடுகிற பக்கமாகப் போய் நின்று அழுதேன். அங்கே என்ன சத்தம் போட்டு அழுதாலும் யாருக்கும் கேட்காது.

பிறகு எல்லாம் பழையபடி ஆனது. ஒரு ஆளுக்குச் சோறு வைப்பது, பஸ், லைன், கஸ்டமரிடமிருந்து வருகிற புகார், மறுபடி பஸ். டீக்கடையில் மற்றவர்களின் சம்பளத்தைக் கணக்குப் போடுகிற விளையாட்டை மட்டும் விட்டுவிட்டேன். மனசு வரவில்லை.

ஏப்ரல் வந்தது. ஒரு மத்தியானம் ஆலைத் தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மேனேஜராக்கியிருக்கிறோம் என்றார். இந்த ஆலையில் அந்த நாற்காலிக்கு வருகிற முதல் பெண் நான்தானாம். சம்பளத்தைச் சொன்னார். லட்சத்தைத் தாண்டியிருந்தது. எழுந்து நின்று கை கொடுத்தார். நானும் நன்றி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

யாரிடம் சொல்வது? எங்கள் ஆபீஸில் கொஞ்சம் ஏறினவர்கள் வாசல் டீக்கடையில் எல்லோருக்கும் முட்டை பப்ஸ் வாங்கித் தருவார்கள். நிறைய ஏறினவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். பக்கத்து சீட்டுக்காரருக்கு அந்த வருஷம் ஒன்றுமே ஏறவில்லை. காலையிலிருந்து அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவர் முன்னால் நான் எப்படிச் சிரிப்பேன்? டீக்கடைக்கு வந்து ஒரு ஓரமாக நின்று வீட்டுக்குப் போன் போட்டேன்.

"ஏப்ரல் ஆயிருச்சே. ஏத்துனாகளா தாயி?" என்று அப்பாவே கேட்டார். முன்பு 'எவ்வளவு, எவ்வளவு' என்று கேட்ட குரல் இல்லை அது. டாக்டரிடம் ரிப்போர்ட் கேட்கிற குரல்.

லட்சம் என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் உள்ளே போய்விட்டது. "இந்த வருஷம் ஒண்ணும் ஏத்தலப்பா" என்றேன்.

அந்தப் பக்கம் பெரிதாக மூச்சு விட்டது கேட்டது.

"நல்லதாப் போச்சு தாயி" என்றார் அப்பா. உடனே சுதாரித்துக்கொண்டு, "வருத்தப்படாத. விருதுநகர்ல ஒரு வரன் வந்துருக்கு. நாப்பதுன்னே சொல்லி வச்சிருக்கேன். இனி மாத்திச் சொல்ல வேண்டாம் பாரு, அதுக்குச் சொன்னேன்" என்றார்.

சரிப்பா என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டார், சாப்பிட்டேன் என்றேன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கு ஒரு துணை வேண்டுமே என்ற பயத்தில்தான் அந்த மனுஷர் காராச்சேவை நிறுத்தினார், அது எனக்குத் தெரியும். ஆனால் நான் ஜெயிக்காமல் இருந்தால் என் அப்பாவுக்கு நிம்மதி என்பதைக் காதால் கேட்டபோது, இந்த உலகத்தில் எனக்கு ஒருவருமே இல்லை என்று தோன்றிவிட்டது. டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே கீழே ஊற்றிவிட்டு பஸ் ஏறினேன்.

மாத்தூரில் இறங்கி வீட்டுக்குப் போனால், அக்கா வழக்கம்போல மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் முறம், முறத்தில் முருங்கைக்கீரை. தலையை நிமிர்த்தாமலே, "இன்னா பாப்பா, சம்பளம் ஏத்துனானா? உங்க கம்பெனியும் நஷ்டத்துலதான் ஓடுதா?" என்றார்.

"ஏத்திட்டாங்கக்கா" என்றேன்.

கீரையை உருவிய கை நின்றது. அந்தப் படியில் அந்த வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. "இன்னா சொல்ற?"

"மேனேஜராவும் ஆக்கிட்டாங்க. இனிமே லட்சத்துக்கு மேல வரும்."

"அடி சக்கை!" என்று அக்கா எழுந்த வேகத்தில் முறம் சரிந்து கீரையெல்லாம் படியில் கொட்டியது. அவர் அதைக் கவனிக்கவேயில்லை. உள்ளே இருந்த புருஷனைப் பார்த்து, "யோவ், மேல் வூட்டுப் பொண்ணு மேனேஜராயிடுச்சாம்யா! லட்ச ரூபா சம்பளமாம்!" என்று கத்தினார். அது எதிர் வீடு வரை கேட்டது. எதிர் வீட்டு அம்மா எட்டிப் பார்த்ததும் அவரிடமும் ஒருமுறை சொன்னார். தெருவில் சைக்கிளில் போன யாரோ ஒருவரையும் நிறுத்திச் சொன்னார். பிறகு என் இரண்டு கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்தார். "ஒண்டியா கெடந்துக்கினு எம்மாம் பெரிய வேலைக்கு வந்துக்கீது பாரு இந்தப் பொண்ணு!" உள்ளே ஓடி ஒரு பிடி சர்க்கரை கொண்டுவந்து என் வாயில் போட்டார். பாதி என் சட்டையில் கொட்டியது.

எல்லாம் முடிந்து, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி படியில் உட்கார்ந்தார். "வர்ற மாசத்துலேர்ந்து ஐந்நூறு சேத்து குடுத்துடு, இன்னா?" என்றார்.

வாயில் சர்க்கரை இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். மாடிக்குப் போக மனசு வரவில்லை. அக்காவுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து, கொட்டிய கீரையைப் பொறுக்கி முறத்தில் போட ஆரம்பித்தேன்.